தியேட்டரில் மது விற்க அனுமதித்தால் நம்ம திருநெல்வேலிக்கு ஒத்துவருமா?

வண்ணார்பேட்டைக்காரன்:

டெக்சாஸில் இருக்கும் மச்சான் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். தியேட்டர் இருக்கைக்கு முன்னால் நீளமாக ஒரு மேசை, அதில் தட்டு நிறைய உருளைக்கிழங்கு வறுவல், பக்கத்தில் பீர். திரையில் படம் ஓடுகிறது. பேரர் குனிந்தபடியே வந்து ஆர்டர் எடுத்துக்கொண்டு போவாராம். சத்தம் இல்லை, சண்டை இல்லை என்கிறான்.

அதைப் பார்த்ததும் தோன்றிய கேள்விதான் தலைப்பு. நம் ஊரில் குடிக்கிறவன் எங்கே குடிக்கிறான்? டாஸ்மாக்கை ஒட்டின பாரில், ஈரத் தரையில் கால் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் டம்ளரில். இல்லையென்றால் ஆற்றங்கரை, பாதி கட்டின வீடு, நிறுத்தி வைத்த கார். அங்கே அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு நேரே தியேட்டருக்கு வருகிறான். கலர் பாட்டிலில் கலந்து கொண்டுவந்து இடைவேளைக்குள் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் தெரியாத ஆள் இங்கே யாரும் இல்லை.

அப்படியிருக்க, இதையே வெளிச்சத்தில், ஆளுக்கு ஒரு பீர் என்று அளவு வைத்து விற்றால் என்ன கெட்டுப்போகும்? தியேட்டர்காரருக்கும் நாலு காசு கிடைக்கும். ஓடிடி வந்தபிறகு ஊருக்கு ஊர் கொட்டகைகள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திட்டவும்.

சந்திப்பிள்ளையார்முக்கு:

படத்தில் ஹீரோ குடிக்கும்போது கீழே எச்சரிக்கை வாசகம் வருகிறது. இனிமேல் அதைப் படித்துக்கொண்டே நாமும் குடிக்கலாம். நல்ல ஏற்பாடு வே.

ஆபரேட்டர்மகன்:

நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், அதனால் சொல்கிறேன். அப்பா கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டின காலத்து ஆபரேட்டர். நான் இப்போது நம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இரண்டு திரை உள்ள தியேட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம்.

முதலில் பணத்தைப் பேசுவோம். டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைப்பது அரசு. அந்த விலையில் வரி போக மிச்சத்தில், பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரத்தில் எழுபது சதவீதம் வரைக்கும், சமயத்தில் அதற்கு மேலும், விநியோகஸ்தர் எடுத்துக்கொள்வார். மீதியில்தான் கரண்ட் பில், ஏசி, டிஜிட்டல் புரொஜக்‌ஷன் வாடகை, ஆள் சம்பளம். எங்களுக்கு யாரோடும் பங்கு பிரிக்காமல் நிற்பது கேண்டீனும் வண்டி ஸ்டாண்டும்தான். பெரிய மல்டிபிளக்ஸ் கம்பெனிகளுக்கே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தின்பண்டத்திலிருந்துதான் வருகிறது. அதனால்தான் பாப்கார்ன் அந்த விலை விற்கிறது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாமலிருக்க உரிமை உண்டு, ஆனால் குடிக்க நல்ல தண்ணீரை இலவசமாக வைக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆக, பீர் விற்றால் எனக்குக் கொண்டாட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குடும்பம் வந்தால் நாலு டிக்கெட், இடைவேளையில் நாலு பாப்கார்ன், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். பீர் குடிக்க வருகிறவன் ஒரு டிக்கெட். ஒருத்தன் சீட்டில் வாந்தி எடுத்தால் அந்த வரிசையையே அடுத்த காட்சிக்கு விற்க முடியாது. துணி இருக்கை வேறு, நாற்றம் லேசில் போகாது. இப்போதே மாதத்துக்கு இரண்டு பேராவது இந்த வேலை வைக்கிறார்கள். கூட்டுகிற அக்கா அன்றைக்கு என்னைப் பார்க்கிற பார்வையை வண்ணார்பேட்டைக்காரர் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. ஆண்கள் கழிப்பறை. பத்து நிமிட இடைவேளைக்கே வரிசை வாசல் வரை நிற்கும். இதில் அரங்கு நிறைய பீர் குடித்தவர்கள் என்றால் நடு வரிசையில் உட்கார்ந்திருப்பவன் படம் முடிவதற்குள் எத்தனை பேர் காலை மிதித்துக்கொண்டு போய்வருவான்?

வண்ணார்பேட்டைக்காரன்:

> துணி இருக்கை வேறு, நாற்றம் லேசில் போகாது.

அண்ணாச்சி, வெளியே ஒரு குவார்ட்டரை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு ஓடி வருகிறவன்தான் வாந்தி எடுக்கிறான். உட்கார்ந்து நிதானமாக ஒரு பீர் குடிக்கிறவன் எடுப்பதில்லை. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிற பயத்தில்தான் செகண்ட் ஷோவுக்கு வருகிறவன் அப்படி அடித்துவிட்டு வருகிறான். நான் சொல்கிற வைத்தியமே அதற்குத்தான்.

டல்லாஸ்தாமிரபரணி:

போட்டோ அனுப்பின மச்சான் நானில்லை, ஆனால் அதே மாநிலத்தில் இருக்கிறேன். மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

போட்டோவில் இருப்பது அலாமோ டிராஃப்ட்ஹவுஸ் மாதிரி ஒரு இடமாக இருக்கும். 1997இல் ஆஸ்டினில் ஆரம்பித்தது. 2024இல் சோனி வாங்கிவிட்டது. அதைப் படம் காட்டுகிற ஹோட்டல் என்று சொல்வதுதான் சரி. வரிசைக்கு வரிசை பேரர் நடக்க இடம் விட்டிருப்பார்கள், அதனால் அதே அளவு ஹாலில் இருக்கைகள் ரொம்பக் குறைவு. படம் ஓடும்போது பேசினாலோ போன் எடுத்தாலோ ஒரு எச்சரிக்கை, அடுத்து வெளியே. பணம் திரும்பக் கிடையாது. அந்தக் கண்டிப்புக்குத்தான் அந்தக் கம்பெனி பேர் வாங்கியது, பீருக்கு அப்புறம்தான்.

ஏஎம்சி போன்ற பெரிய தியேட்டர்களில் வேறு முறை. லாபியில் தனியாக ஒரு பார் இருக்கும். 21 வயது ஆனதற்கு அட்டை காட்டவேண்டும். நரைத்த தலையோடு போனாலும் சில இடத்தில் கேட்பார்கள். போதை ஏறினவனுக்கு மேற்கொண்டு ஊற்றினால் ஊற்றின ஆளுக்கும் கடைக்கும் சட்டத்தில் வில்லங்கம் உண்டு, ஆகவே அவர்கள் தைரியமாக "போதும்" என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் தங்கம் என்று நினைக்கவேண்டாம். இங்கேயும் படம் முடிந்ததும் அத்தனை பேரும் கார் சாவியைத்தான் எடுக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவதில்லை.

பாளைவக்கீல்:

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

நம் மாநிலத்தில் மதுவிற்பனை முழுவதும் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்தின் கீழ், விதிவிலக்காக நடப்பது. துறையின் பெயரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 1971இல் மதுவிலக்கை நீக்கினார்கள், இரண்டு மூன்று வருடத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981இல் மறுபடி நீக்கினார்கள். 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். இதற்கு வெளியே கிளப்புகளுக்கு எப்.எல்.2, நட்சத்திர ஹோட்டல்களுக்கு எப்.எல்.3 என்று உரிமம் உண்டு. அவர்களும் சரக்கை டாஸ்மாக்கிடம்தான் வாங்கவேண்டும். தியேட்டருக்கு என்று ஒரு வகை இன்று கிடையாது.

புது வகை உண்டாக்க முடியாதா என்றால் முடியும். 2023 ஏப்ரலில் விதியைத் திருத்தி எப்.எல்.12 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திருமண மண்டபம், விளையாட்டு அரங்கம், மாநாட்டுக் கூடம் எல்லாவற்றிலும் அனுமதி வாங்கி மது பரிமாறலாம் என்றது முதல் அறிவிப்பு. அன்றைக்கே எதிர்ப்பு கிளம்பியது. கல்யாண மண்டபத்தை உடனே எடுத்துவிட்டு, மாநாடுகளும் விளையாட்டு நிகழ்ச்சிகளும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். தியேட்டருக்கு யாராவது கேட்டால் அதே கதைதான் நடக்கும் என்பது என் கணிப்பு. நம் ஆட்கள் கல்யாணத்துக்கு அடுத்து குடும்பத்தோடு போகிற இடம் தியேட்டர்தானே.

தூரக் கட்டுப்பாடும் உண்டு. மாநகராட்சி, நகராட்சிக்குள் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் மதுக்கடை வைக்கலாம். இதே அளவுகோலைத் தியேட்டருக்கும் வைத்தால் நம் டவுனில் கோயில், குட்டிக் கோயில், பள்ளிக்கூடம் எதுவும் 50 மீட்டருக்குள் வராத தியேட்டர் எத்தனை தேறும்? மேப்பை வைத்து அவரவர் அளந்து பார்க்கலாம்.

வயது விஷயம் இதைவிடச் சிக்கல். மது வாங்க இங்கே 21 வயது ஆகவேண்டும். ஏ சான்றிதழ் படத்துக்கு 18. இப்போது யுஏ விலேயே 7, 13, 16 என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். ஏ படத்துக்கே வாசலில் யாரும் அட்டை கேட்பதில்லை. மடியில் தூங்கும் பிள்ளையோடு ஏ படம் பார்க்கிற ஊர் இது. பதினெட்டையே பார்க்காத வாசல் இருபத்தொன்றைப் பார்க்கும் என்று நம்பச் சொல்கிறீர்களா?

ஆபரேட்டர்மகன்:

வக்கீல் சார் சொல்வது வாஸ்தவம். அட்டை கேட்டால் "நான் யார் தெரியுமால" என்று ஆரம்பிப்பார்கள். என் கேட்டில் நிற்கிறவருக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் என்ன செய்வார்?

சந்திப்பிள்ளையார்முக்கு:

அவருக்கும் ஒரு பீர் கொடுத்துவிடும்.

கல்லிடைமருமகள்:

எல்லாரும் ஆண்கள் கழிப்பறை வரைக்கும் பேசியாகிவிட்டது. இனி நான் கொஞ்சம் பேசுகிறேன்.

எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? கோயில், ஜவுளிக்கடை, கல்யாண வீடு, தியேட்டர். முதல் மூன்றிலும் ஏதாவது காரியம் இருக்கும். காரியம் எதுவும் இல்லாமல், யாருக்கும் எதுவும் எடுத்துவைக்காமல், மூன்று மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருக்கிற ஒரே இடம் தியேட்டர். என் மாமியார் காலத்தில் பெண்களுக்குத் தனி டிக்கெட் கவுண்டர், தனிப் பகுதி, நடுவில் தடுப்பு. மத்தியானம் சமையலை முடித்துவிட்டு அண்டைவீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து மாட்னிக்குப் போவார்களாம். கூட ஆண் துணை தேவைப்படவில்லை. இப்போது தடுப்பு இல்லை. போனில் டிக்கெட் போடுகிறோம், பக்கத்தில் யார் வந்து உட்காருவார் என்று தெரியாது.

டிக்கெட் போடும்போது நாங்கள் போடுகிற கணக்கு உங்களுக்குத் தெரியுமா? சுவரோரம் கிடைக்குமா என்று முதலில் பார்ப்பேன். சுவர் பக்கம் மகள், அடுத்து நான், அடுத்து மகன், வெளி ஓரத்தில் அவர். அந்த ஓரத்துக்கு அப்பால் யார் வந்தாலும் அவருக்குப் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். தங்கைகளோடு மட்டும் போகும்போது, ஏற்கெனவே நாலைந்து சீட்டு சேர்ந்தாற்போல் போயிருக்கிற வரிசையாகப் பார்த்துப் போடுவோம். சேர்ந்து போயிருந்தால் குடும்பமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. சில நாள் அது நாலு தடியன்களாகவும் இருக்கும்.

இதை ஆண்கள் யாரும் யோசித்து டிக்கெட் போடுவதில்லை. திரை நேராகத் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

"இப்போதும் ஒளித்துக் குடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்" என்று வண்ணார்பேட்டைத் தம்பி சொல்கிறார். வருகிறார்கள்தான். ஆனால் வருகிறவனுக்கு ஒரு பயம் இருக்கிறது. சத்தம் காட்டாமல் மூலையில் உட்காருகிறான். மீறிப் பேசினால் நான் எழுந்துபோய்ச் சொன்னால் ஆள் வந்து வெளியே கூட்டிக்கொண்டு போவார். நாளைக்கு நீங்களே விற்றால் அவன் பில்லை எடுத்துக் காட்டுவான். அப்போது நான் யாரிடம் போய்ச் சொல்வது?

வண்ணார்பேட்டைக்காரன்:

அக்கா, நீங்கள் சொல்கிற பயம் எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் இப்படித்தான் டிக்கெட் போடுவார்கள் போல, இனிமேல் கவனிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. விமானத்தில் மது கொடுக்கிறார்கள். அங்கேயும் பெண்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள், எட்டுப் பத்து மணி நேரம் எழுந்து போகவும் முடியாது. இடமும் நடத்துகிற முறையும் சரியாக இருந்தால் குடிக்கிறவனும் அதற்குத் தக்கபடி நடந்துகொள்கிறான் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

பாளைவக்கீல்:

தம்பி எடுத்த உதாரணமே அவருக்கு எதிராகப் போகிறது. நம் உள்நாட்டு விமானங்களில் மது கிடையாது, வெளிநாடு போகிற விமானத்தில்தான். அதிலும் 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், பிசினஸ் வகுப்பில், குடித்திருந்த ஒரு பயணி வயதான ஒரு பெண்மணியின் மேல் சிறுநீர் கழித்த விவகாரம் நாடு முழுக்க நாறியது. விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். லட்சக்கணக்கில் டிக்கெட், பெயர் விலாசம் பாஸ்போர்ட் எல்லாம் கையில், மறுபடி ஏறவிடாமல் தடை செய்கிற பட்டியல் வேறு. இத்தனை கடிவாளம் இருந்தும் அப்படி. நம் தியேட்டரில் ஜி வரிசை பதினாலாம் நம்பரில் இருந்தவர் யார் என்று காட்சி முடிந்தபிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இங்கிலாந்துக்காரன் குடிக்குப் பேர்போனவன். அங்கேயே 1985இல் ஒரு சட்டம் போட்டு, பெரிய கால்பந்து ஆட்டங்களில் மைதானம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குடிக்கக்கூடாது என்று வைத்தார்கள். உள்ளே பார் இருக்கும், அங்கே குடித்துவிட்டு இருக்கைக்கு வரவேண்டும். கூட்டம், உணர்ச்சி, மது மூன்றும் ஒரே இடத்தில் சேரக்கூடாது என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சியைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. 2023 பொங்கலுக்குச் சென்னையில் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு இளைஞர் லாரி மேலிருந்து விழுந்து செத்தார். அதற்கப்புறம்தான் காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கிடையாது என்று ஆனது.

பனையேறிபேரன்:

ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பீர், பீர் என்கிறீர்கள். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் வந்து பாருங்கள். 1987லிருந்து கள் இறக்கினால் வழக்கு. எங்கள் தாத்தா காலில் தளைநார் போட்டு ஏறின மரம் இன்னும் நிற்கிறது, ஏற ஆளில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கள்ளுக்கடையில் கப்பையும் மீன்கறியும் வைத்துக் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். இங்கே கம்பெனிச் சரக்குக்கு மட்டும் ஏசி ஹால் யோசனை வருகிறது. தியேட்டரில் முதலில் பதநீர் விற்கட்டும். சீசனில் நல்ல பதநீரை நுங்கு போட்டு ஐம்பது ரூபாய்க்கு விற்றால் பாப்கார்ன் பக்கம் ஒருத்தன் போவானா?

செங்கோட்டைரயில்:

கேரளாவில் மது வாங்க 23 வயது ஆகவேண்டும், நம்மைவிட இரண்டு வயது கூட. புனலூரில் படம் பார்க்கப் போனால் இடைவேளையில் சாயாவும் பழம்பொரியும்தான். கள்ளுக்கடை வேறு, கொட்டகை வேறு என்று அவர்கள் தெளிவாக வைத்திருக்கிறார்கள்.

பதநீர் யோசனைக்கு என் ஓட்டு. ஆனால் பதநீரை மாட்னி வரை வைத்தால் அது பதநீராக இருக்குமா அண்ணாச்சி?

பனையேறிபேரன்:

சுண்ணாம்பு சரியாக இருந்தால் இருக்கும். இல்லாவிட்டால் வண்ணார்பேட்டைத் தம்பி கேட்டது தானாகவே கிடைத்துவிடும்.

மட்டுறுத்துநர்:

கள் தடை பற்றி ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். நடிகர் ரசிகர் சண்டையாக வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

கல்லிடைமருமகள்:

வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி டல்லாஸ் தம்பி ஒரு வரி போட்டிருந்தார், யாரும் அதைத் தொடவில்லை. செகண்ட் ஷோ விட்டால் மணி ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் முக்கூடலுக்கும் சேரன்மகாதேவிக்கும் ஏது பஸ்? அத்தனை பேரும் பைக். ஒரு பைக்கில் மூன்று பேர்.

பாளைவக்கீல்:

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு. முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். தம்பி சொல்கிற "ஆளுக்கு ஒரு பீர்" பெரிய பாட்டிலாக இருந்தால் சிலருக்கு அந்த வரம்பைத் தாண்டிவிடும். தியேட்டரே விற்று, தியேட்டர் ஸ்டாண்டிலிருந்தே வண்டியை எடுத்துக் கொடுத்து அனுப்பினால், வெளியே ஊதச் சொல்கிற போலீஸுக்கு ரொம்பத் தூரம் போக வேலையில்லை.

வண்ணார்பேட்டைக்காரன்:

சரி, எல்லாரும் ஒரு பக்கம் நிற்பதால் நான் என் யோசனையை இன்னும் திட்டமாகவே சொல்கிறேன். எல்லாத் தியேட்டருக்கும் வேண்டாம். ஐந்தாறு திரை இருக்கிற மல்டிபிளக்ஸில் ஒரு திரை மட்டும். 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும், அட்டை பார்த்துத்தான் டிக்கெட். அந்த ஹாலுக்குத் தனி வாசல், தனிக் கழிப்பறை. ராத்திரிக் காட்சி மட்டும். பீரும் ஒயினும் போதும், பிராந்தி விஸ்கி கிடையாது. குடும்பம் வேறு திரைக்குப் போகட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கௌரவமாகக் குடிக்க ஓர் இடம் கேட்பது இந்த ஊரில் பாவமா? நட்சத்திர ஹோட்டல் பாருக்குப் போக எல்லாரிடமும் காசில்லை. டாஸ்மாக் மூலம் 2023–24இல் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடிக்கு மேல். அத்தனையும் கொடுத்தவனை ஈரத் தரையில்தான் உட்காரவைப்போம் என்றால் அதில் என்ன நியாயம்? நாலு சுவரும் மின்விசிறியும் சுத்தமான டம்ளரும் கேட்கக்கூடாதா?

பாளைவக்கீல்:

கடைசிப் பத்தியில் எனக்கு மறுப்பே இல்லை. அதைத் தனியாகக் கேளுங்கள், நானே மனு எழுதித் தருகிறேன். பாரைச் சுத்தமாக வைக்கச் சொல்வதற்குத் தியேட்டர் எதற்கு?

ஆனால் ராத்திரிக் காட்சி மட்டும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. டாஸ்மாக் நேரம் பகல் 12 முதல் இரவு 10. முன்னே காலை 10க்குத் திறந்துகொண்டிருந்தது, 2016இல் 12 ஆக்கினார்கள். புதிதாகத் தியேட்டருக்கு உரிமம் கொடுத்தால் இதற்கு மேல் தாராளமாகவா கொடுப்பார்கள்? இப்போது காட்சி நேரங்களை வைத்துப் பாருங்கள். மாட்னி இரண்டரைக்கு, இடைவேளை நாலுக்கு. முதல் காட்சி ஆறரைக்கு, இடைவேளை எட்டுக்கு. இரண்டும் விற்பனை நேரத்துக்குள் வருகின்றன. செகண்ட் ஷோ ஆரம்பிப்பதே பத்துக்கு மேல், இடைவேளை வரும்போது பதினொன்றரை. அதாவது கடிகாரப்படி பார்த்தால், ஆண்கள் கூட்டம் வருகிற காட்சிக்கு விற்க முடியாது. பெண்களும் பிள்ளைகளும் வருகிற இரண்டு காட்சிக்கும் தாராளமாக விற்கலாம். கல்லிடை அம்மாவின் மாமியார் போன அந்த மாட்னிக்கே பாட்டில் வரும்.

ஆபரேட்டர்மகன்:

அடடே, இது எனக்கே தோன்றவில்லை. காட்சி நேரத்தை மாற்றலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: மாற்ற முடியாது. முதல் காட்சியை ஏழரைக்குத் தள்ளினால் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும்.

டல்லாஸ்தாமிரபரணி:

நியூயார்க்கில் ஆளுநராக இருந்த கூவோமோ இதைக் கொண்டுவரப் பார்த்தபோது, 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான தரச்சான்று உள்ள படங்களுக்கு மட்டும், ஒரு தடவைக்கு ஒரு பானம் மட்டும் என்றுதான் பேச்சு எடுத்தார்கள். குழந்தைப் படத்துக்குக் கிடையாது. நம் ஊரில் குழந்தைகளுக்கென்று தனியாக எத்தனை படம் வருகிறது? ஹீரோ முப்பது பேரை வெட்டுகிற படத்துக்குத்தான் நாம் பிள்ளைகளைத் தோளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறோம். படத்தை வைத்துப் பிரிப்பது இங்கே நடக்காது.

சந்திப்பிள்ளையார்முக்கு:

ரத்னாவிலும் பார்வதியிலும் பூர்ணகலாவிலும் தரை டிக்கெட்டில் படம் பார்த்த காலம். கையில் முறுக்கு, கால்மாட்டில் கலர் பாட்டில். இடைவேளையில் பீடிப் புகையில் திரையே தெரியாது. புகைக்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது "பீடி இல்லாமல் எவன் படம் பார்க்க வருவான், கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார்கள். ஒன்றும் மூடவில்லை. வெளியே போய் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். வண்ணார்பேட்டைத் தம்பியும் மூன்று மணி நேரம் தாங்கிக்கொள்வார்.

வண்ணார்பேட்டைக்காரன்:

அண்ணாச்சி, நான் தாங்கிக்கொள்வேன். தாங்காதவன்தான் பாட்டிலோடு வருகிறான். அவனுக்கு என்ன வழி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. எனக்கு நேரப் பிரச்சினையும் பெரிதாகத் தெரியவில்லை. ஹோட்டல் பார்கள் பதினொன்று வரை நடக்கின்றன, அதே நேரத்தை இதற்கும் கொடுக்கலாம்.

ஆபரேட்டர்மகன்:

பாட்டிலோடு வருகிறவனுக்கு வழி என் கையில் இருக்கிறது தம்பி. சனி, ஞாயிறு வாசலில் பையைப் பார்க்க ஆள் போட்டிருக்கிறேன். மூடி திறந்த கலர் பாட்டில் எதுவும் உள்ளே போகாது. தண்ணீர் உள்ளே இலவசம், ஆகவே யாரும் சண்டைக்கு வரவும் முடியாது. தள்ளாடி வருகிறவனுக்குக் கவுண்டரிலேயே டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் நாலைந்து பேர் கத்தினார்கள், முதலாளிக்குப் போன் போட்டார்கள். இப்போது கத்துவதில்லை. மாட்னிக்குப் பெண்கள் கூட்டம் ஏறியிருக்கிறது, அது கேண்டீன் கணக்கில் தெரிகிறது.

தனித் திரை யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் பெரிய படம் வந்தால் இருக்கிற எல்லாத் திரையிலும் அதே படம்தான். விநியோகஸ்தர் வேறு பேச்சுக்கே இடம் தரமாட்டார். அன்றைக்கு உங்கள் பீர் ஹாலிலும் அதே படம் ஓடும், மற்ற ஹாலில் டிக்கெட் கிடைக்காத குடும்பம் அங்கேதான் வந்து நிற்கும். சின்னப் படம் வருகிற வாரத்திலோ மொத்தமே முப்பது பேர். முப்பது பேருக்காக உரிமக் கட்டணம் கட்டி, தனிக் கழிப்பறை கட்டி, அட்டை பார்க்க ஆள் வைத்து, குளிர்பெட்டி வாங்கிப் போட எந்த முதலாளி வருவார்? எங்கள் முதலாளியிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "அதுக்குப் பேசாம கல்யாண மண்டபம் கட்டிரலாம்ல" என்றார்.

கல்லிடைமருமகள்:

அந்தத் தியேட்டர் எந்த ஊரில் இருக்கிறது அண்ணாச்சி? பெயர் சொல்லவேண்டாம், ஊரை மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். தீபாவளிக்கு நாங்கள் ஒன்பது பேர்.